நீல ஸ்கீயோடு நின்ற சிவப்பு ஸ்கீ

வெண்டலின் முதலில் பார்த்தது பனியில் சறுக்கும் அந்த நீல ஸ்கீயைத்தான். முனையில் மூன்று கீறல், நடுவில் பாதி உரிந்துபோன சூரியகாந்தி ஸ்டிக்கர். சந்தேகமே இல்லை, அவன் மனைவி ரோஸ்விதாவுடையது. வீட்டு நிலவறையில் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்க வேண்டிய பொருள், ஆயிரத்து எண்ணூறு மீட்டர் உயரத்தில், மலைவிடுதி வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

தனியாகக் காய்ந்திருந்தாலாவது பரவாயில்லை. ஒரு சிவப்பு ஸ்கீயோடு வயிற்றோடு வயிறு ஒட்டிக்கொண்டு நின்றது.

அவன் வரிசையின் மறுகோடிக்கு ஓடினான். அங்கே இன்னொரு நீலம், இன்னொரு சிவப்பு. அதே ஒட்டல்.

அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் ஸ்கீயை ஜோடியாக வாசலில் விட்டுவிட்டு சூப் குடிக்கப் போவதில்லை. வெளியூர்த் திருடனுக்கு ஜோடிதான் வேண்டும், ஒற்றையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? அதனால் இரண்டு பேராக வருகிறவர்கள் கலந்து வைப்பார்கள். உன்னுடையதில் ஒன்று, என்னுடையதில் ஒன்று, இந்தக் கோடியில். மிச்சம் இரண்டும் அந்தக் கோடியில். ஆனால் யாரோடு கலப்பது என்பதில் ஒரு முறை உண்டு. புருஷன் பெண்டாட்டி கலக்கலாம், அக்கா தங்கை கலக்கலாம். தீயணைப்புப் படைத் தலைவரின் மகளுக்கும் பால்பண்ணைக்காரன் மகனுக்கும் நடுவே விஷயம் இருப்பது, அவளுடைய வெள்ளை ஸ்கீ அவனுடைய கறுப்பு ஸ்கீமேல் சாய்ந்திருந்த அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. அடுத்த மாதமே நிச்சயதார்த்தம்.

இருபத்துமூன்று வருடமாக ரோஸ்விதாவின் நீலம் சாய்ந்து நின்றது வெண்டலினின் பச்சையோடு மட்டும்தான். போன வருடம் அவள், "என் முட்டி வலிக்குது, இனிமே நீங்களே போய்ட்டு வாங்க" என்று சொல்லிச் சறுக்குவதையே விட்டுவிட்டாள். அவனும் அனுதாபப்பட்டான். அவளுடைய முட்டி மடங்காத முட்டி என்பது அவனுக்குத் தெரியும். அதை மடக்க வைக்க அவளுக்குப் பின்னாலேயே சறுக்கிக்கொண்டு அவன் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறான்.

இன்று காலைகூட, "ஈஸ்டர் பாட்டுப் பயிற்சி, ப்ளூடென்ஸ் டவுன்ல, மத்தியானம் ஆயிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். வெண்டலின் பள்ளத்தாக்குப் பேருந்தின் ஓட்டுநர். பனி உருகி மேல்சாலையில் சேறு சரிந்துவிட்டதால் மத்தியானம்வரை வண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி, ஒரு ரொட்டி உருண்டை சூப் குடிக்கலாம் என்று மேலே வந்தவனுக்குத்தான் இந்தக் காட்சி.

குனிந்து நீல ஸ்கீயின் இரும்பு விளிம்பில் விரலை ஓட்டினான். விரல் வெட்டிக்கொண்டது. யாரோ புதிதாகத் தீட்டியிருக்கிறார்கள். அவளுடைய விளிம்பை இதுவரை தீட்டியவன் வெண்டலின் ஒருவன்தான். கலந்து வைத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பான், தீட்டியதைத் தாங்க முடியவில்லை. விரலைச் சப்பிக்கொண்டே உள்ளே போனான்.

விடுதியை நடத்தும் வால்புர்கா அடுப்பின் முன்னால் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"வால்புர்கா, ரோஸ்விதா இங்க இருக்காளா?"

"இருந்தா. இப்பத்தான் பின்பக்கமா வெளிய போனா."

"யார்கூட?"

"யோவ், நாப்பது பேருக்கு முட்டை பொரிக்கிறேன். யார் யாரோட போறாங்கன்னு எட்டிப் பார்த்துட்டு இருக்கவா?"

"சும்மாத்தான் கேட்டேன்."

"சும்மா கேக்குற மூஞ்சியா இது? கண்ணாடியில போய்ப் பாரு." வால்புர்கா முட்டையைத் திருப்பிப் போட்டாள். "ஆனா ஒண்ணு சொல்லணும். உன் பொண்டாட்டி இன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே! உன் கல்யாணத்துக்கு நான் வந்திருந்தேன்ல, அன்னைக்குக்கூட அப்படிச் சிரிக்கல. கன்னம் ரெண்டும் செவந்து, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருந்தா."

"என்ன சாப்பிட்டா?"

"ஆப்பிள் ரோல். ரெண்டு துண்டு."

"ரெண்டா?"

"ரெண்டு."

வெண்டலின் மனதுக்குள் கணக்குப் போட்டான். வீட்டில் ஒரு துண்டு வைத்தாலே பாதியை ஒதுக்குகிறவள் அவள். ரெண்டு துண்டு என்றால் ரெண்டு பேர். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை.

"சூப் வேணுமா?" என்றாள் வால்புர்கா.

"வேணாம்."

"வேணாமா? உனக்கா? உடம்பு சரியில்லையா?"

வாசலுக்கு வந்து பார்த்தால் சிவப்பு ஸ்கீ இரண்டையும் காணோம். நீலம் மட்டும் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று பாவமாக நின்றது. ஆக, அந்த ஆள் ஒரு சுற்று சறுக்கப் போயிருக்கிறான். இவள் இங்கேயே எங்கோ காத்திருக்கிறாள். வெண்டலின் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் பார்த்தான். வெயில் நாற்காலிகளில் முகத்தை மூடிக் கிடந்தவர்களின் துண்டை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். பெண்கள் கழிப்பறை வாசலில் ஐந்து நிமிடம் நின்றான். உள்ளேயிருந்து ஒரு டச்சுக்கார அம்மாள் வந்து, அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் ரொம்ப உயரமாக இருந்ததால் வெண்டலின் அங்கிருந்து நகர்ந்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நல்ல கத்தரிக்கோல் புதுத் துணியில் போகுமே, அந்தச் சத்தம்.

இரவெல்லாம் இறுகிக் காலை வெயிலில் மேல்தோல் மட்டும் இளகியிருந்த வசந்தகாலப் பனியில் ஓர் உருவம் இறங்கி வந்துகொண்டிருந்தது. தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை துணி, மேலே சிவப்புக் கையில்லாச் சட்டை, காலில் சிவப்பு ஸ்கீ. இடதுபக்கம் சாய்ந்தது, வலதுபக்கம் சாய்ந்தது, இடுப்பு பனியைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்தது. பனி சிதறவில்லை. பின்னால் இரண்டே கோடுகள், நூல் பிடித்துப் போட்டதுபோல.

சிவப்புச் சட்டைக்காரன் என்று வெண்டலின் அந்த ஆளுக்குப் பெயர் வைத்தான். வைத்த கையோடு வெறுக்கவும் ஆரம்பித்தான். அதில் பாதி புருஷனுடைய வெறுப்பு. மீதிப் பாதி, உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், சறுக்குகிறவனுடையது. பேருந்து ஓட்டுநர்கள் சங்கத்தின் சறுக்குப் பந்தயத்தில் பதினோரு முறை முதலில் வந்தவன் அவன். பதினோரு முறையும் பின்னால் இப்படிக் கோடு விழுந்ததில்லை.

பள்ளத்தாக்கில் இவ்வளவு நன்றாகச் சறுக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் வெண்டலின். இது வெண்டலின் போட்ட பட்டியல். இன்னொருவர் பல் மருத்துவர் எகோன். ஒல்லியான ஆள், நரைத்தாலும் அடர்த்தியான முடி. தீயணைப்புப் படை விருந்தில் ரோஸ்விதாவோடு இரண்டு நடனம் ஆடியவர். இந்தக் குளிர்காலம் முழுக்க, புதன்கிழமை தவறாமல், பதினோரு வாரம் ரோஸ்விதா வேர் சிகிச்சைக்கு அவரிடம் போய் வந்திருக்கிறாள்.

எல்லாம் பொருந்தியது. பொருந்தப் பொருந்த எரிந்தது.

பிடித்து, நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, முகத்தைப் பார்த்து, நாலு கேள்வி கேட்க வேண்டும். ஆனால் இருபத்துமூன்று வருடப் பழைய பச்சை ஸ்கீயை வைத்துக்கொண்டு இந்த ஆளைப் பிடிக்க முடியாது. விடுதிக்குப் பக்கத்திலேயே ஒரு கூடாரம் போட்டிருந்தது. ஊர் விளையாட்டுக் கடைக்காரர்கள் சீசன் முடிகிற வாரத்தில் நடத்தும் சோதனை நாள். அடுத்த வருட ஸ்கீயை இந்த வருடமே சறுக்கிப் பார்க்கலாம். கூடாரத்துக்குள் ஒரு சிவப்பு ஜோடி சாய்ந்திருந்தது.

கூடாரத்தின் பொறுப்பில் இருந்தவள் மத்தில்டா. ஐம்பது வயது, வெயிலில் தோலுரிந்த மூக்கு, இளமையில் சறுக்குப் பந்தயங்களில் கலந்துகொண்டவள். இப்போது அவளுக்குப் படிவங்கள்தான் உயிர்.

"அந்தச் சிவப்பு வேணும்" என்றான் வெண்டலின்.

"அஞ்சாம் நம்பரா? நாலும் அஞ்சும் ஒரே அச்சு. நாலு வெளிய போயிருக்கு. இது என்ன ஸ்கீன்னு தெரியுமா ஐயா?"

"பந்தய ஸ்கீ."

"இல்ல. பந்தய ஸ்கீயைப் பார்த்துப் பொறாமைப்பட்டுப் பண்ணின ஸ்கீ. பந்தயக்காரன் விளிம்பு இருக்கு, பந்தயக்காரன் வேகம் இருக்கு, ஆனா ஞாயித்துக்கிழமை ஆளும் ஓட்டலாம். முட்டி மடங்கணும், அவ்வளவுதான்."

"முட்டியப் பத்தி எனக்கா சொல்றீங்க?"

"அப்போ இதை எழுதுங்க."

படிவத்தில் முதல் கேள்வி எடை. வெண்டலினின் எடை தொண்ணூற்றேழு கிலோ. எகோன் டாக்டருக்கு என்ன இருக்கும்? எழுபது இருக்குமா? எழுபத்தெட்டு என்று எழுதினான்.

மத்தில்டா படிவத்தைப் பார்த்தாள், அவன் வயிற்றைப் பார்த்தாள்.

"இது சட்டை பொத்தானுக்கு மேல இருக்கிற எடையா, கீழ இருக்கிறதும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

"நல்லா யோசிச்சுக்கோங்க. எடையை வெச்சுத்தான் காலணியை ஸ்கீயோட பிடிக்கிற பூட்டைத் திருகுவேன். குறைச்சுச் சொன்னீங்கன்னா சும்மா தும்மினாலே கழண்டுக்கும்."

"எழுபத்தெட்டும்மா!"

"திறமைன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. பழகுறவர், நல்லாச் சறுக்குறவர், பந்தயக்காரர்."

பந்தயக்காரர் கட்டத்தில் பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி டிக் போட்டான். பேருந்து ஓட்டுநர் உரிமத்தை அடமானமாக வாங்கிக்கொண்டு மத்தில்டா அவனிடமும் ஒரு சிவப்புக் கையில்லாச் சட்டையைக் கொடுத்தாள். சோதனைக்கு வருகிற எல்லாருக்கும் அது கட்டாயம்.

"பதினோரு மணிக்குள்ள திரும்பணும். அதுக்கு மேல பனி கஞ்சியாயிடும். திரும்பி வந்ததும் கடைசிக் கேள்விக்கு ஒரு வரி எழுதணும், 'இந்த ஸ்கீயில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?'ன்னு. எழுதாதவங்களுக்கு உரிமம் திரும்பக் கிடைக்காது. நல்ல வரியா இருந்தா பலகையில ஒட்டுவேன்."

"நான் பிடிக்கப்போறது ஒரே ஒரு ஆளை" என்று முணுமுணுத்துக்கொண்டே வெண்டலின் கிளம்பினான்.

லிஃப்டின் உச்சியிலிருந்து சிவப்புச் சட்டைக்காரன் அப்போதுதான் இரண்டாவது முறை கிளம்பினான். வெண்டலின் இருபது மீட்டர் பின்னால்.

"டேய்! நில்லுடா!"

அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். ஒரு வினாடி அப்படியே நின்றான். பிறகு குச்சியைத் தூக்கி ஆட்டிவிட்டு, இன்னும் வேகமாகப் போனான்.

குச்சியை வேறு ஆட்டுகிறான்! வெண்டலினுக்கு ரத்தம் தலைக்கேறியது. உடம்பைச் சாய்த்தான். பச்சை ஸ்கீயில் சாய்ந்தால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும், இது யோசிக்கவே இல்லை. நினைப்பதற்குள் திரும்பியது, திரும்பியது போதும் என்று நினைப்பதற்குள் இன்னும் திரும்பியது. வெண்டலின் சரிவுக்குக் குறுக்கே சீறிப் போய், மறுபடி மலையேற ஆரம்பித்து, பழகுகிறவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்குள் நுழைந்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்ற எட்டுப் பேரும் வரிசையாகவே உட்கார்ந்தார்கள். அந்த அதிர்வில் இரண்டு பூட்டும் படக் படக் என்று கழன்றன. எழுபத்தெட்டு கிலோ ஆளுக்குப் போட்ட பூட்டு தொண்ணூற்றேழு கிலோவை என்ன செய்ய முடியும்? வெண்டலின் மட்டும் தனியாக வயிற்றில் வழுக்கிக்கொண்டு கீழே போனான்.

பயிற்சியாளர் மேலேயிருந்து கத்தினார்: "ஐயா, பழகுறவங்கன்னா முதல்ல பேரு குடுக்கணும்!"

கூடாரத்துக்குத் திரும்பிப் போய் உண்மை எடையைச் சொல்லியிருக்கலாம். மத்தில்டா ஒரு நிமிடத்தில் சரிசெய்திருப்பாள். ஆனால் எதிரியின் எடை எழுபது என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன், தொண்ணூற்றேழு என்று எந்த வாயால் சொல்லுவான்? சட்டைப்பையில் ஐம்பது சென்ட் நாணயம் ஒன்று இருந்தது. பூட்டின் திருகாணியில் அதை நுழைத்துத் திருகினான். ஒரு சுற்று போதும் என்று தோன்றியது. அவளுடைய விளிம்பைத் தீட்டியவனை நினைத்துக்கொண்டான். நாலு சுற்று திருகினான்.

லிஃப்டின் தொங்கு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தபோது சிவப்புச் சட்டைக்காரன் இரண்டு நாற்காலி முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். காலை ஆட்டிக்கொண்டு, ஏதோ பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு.

"எகோன்! உன்னை விட மாட்டேன் எகோன்!" என்று வெண்டலின் கத்தினான்.

"என்னை ஏன் விட மாட்டீங்க?" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நீலச் சட்டையில், மடியில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்த பல் மருத்துவர் எகோன்.

வெண்டலின் முன்னால் போன நாற்காலியை எட்டிப் பார்த்தான். எகோன் இங்கே என்றால் அங்கே யார்?

"ஒண்ணுமில்ல டாக்டர்... ரோஸ்விதா சிகிச்சை எப்படிப் போகுதுன்னு கேக்கலாம்னு..."

"என்ன சிகிச்சை?"

"வேர் சிகிச்சை. புதன்கிழமை புதன்கிழமை. பதினோரு வாரமா."

"பதினோரு வாரமா?" டாக்டர் ஆரஞ்சுச் சுளையை வாயருகே நிறுத்தினார். "திமிங்கலத்துக்கா பண்றேன்? இதெல்லாம் நான் வெளிய சொல்லக்கூடாது. ஆனா உங்க வீட்டம்மா நவம்பர்ல ஒரு தடவை வந்தாங்க, சுத்தம் பண்ணிட்டுப் போனாங்க. அருமையான பல்லு. அதுக்கப்புறம் நான் அவங்களைப் பார்க்கவே இல்லியே."

நாற்காலி ஒரு தூணைக் கடந்து குலுங்கியது. எகோனாக இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று வெண்டலினுக்குத் தோன்றியது. எகோனை அவனுக்குத் தெரியும், திட்டத் தெரியும், பேருந்தில் ஏற்றாமல் விடத் தெரியும். இப்போது அவனுக்கு எதிரே இருப்பது முகமே இல்லாத ஒருவன். பதினோரு புதன்கிழமைகள். அந்தப் பதினோரு புதனும் வெண்டலின் காலையிலிருந்து மாலைவரை பேருந்தை ஓட்டிக்கொண்டு, இருட்டியபின் வீட்டுக்குப் போய், "வலிச்சுதா?" என்று கேட்டு, அவளுக்காக உருளைக்கிழங்கை மசித்துக் கொடுத்திருக்கிறான்.

"ஆரஞ்சு?" என்றார் டாக்டர்.

"வேணாம்."

"சூப்பும் வேணாம்னீங்களாமே. வால்புர்கா சொன்னா."

மேலே போய் இறங்கியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பனி கஞ்சியாகிவிட்டது. கஞ்சியில்கூட அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் கோடு போட்டுக்கொண்டு போனான். வெண்டலின் பின்னால் பாய்ந்தான். "யாருடா நீ? உனக்கு வெக்கமா இல்ல? கல்யாணமான பொம்பளையோட...!" சரிவு முழுக்க எதிரொலித்தது. வெயில் நாற்காலிகளில் கிடந்தவர்கள் துண்டை விலக்கிப் பார்த்தார்கள்.

சிவப்புச் சட்டைக்காரன் விடுதிக்குக் கீழே சட்டென்று வலதுபக்கம் வளைந்தான். வெண்டலினும் வளைய முயன்றான். ஈரப்பனி ஸ்கீயைப் பிடித்துக்கொண்டது. ஸ்கீ வெண்டலினைப் பிடித்துக்கொண்டது. நேரே போனான்.

நேரே, மறுநாள் சீசன் முடிவு விழாவுக்காகத் தோண்டி நீர் நிரப்பியிருந்த குளம். வேகமாக வந்து தண்ணீர்மேல் வழுக்கி அக்கரை சேர்கிறவருக்கு ஒரு பன்றித்தொடை பரிசு. போன வருடம் அதில் நடுவராக இருந்தவன் வெண்டலின்.

முக்கால் குளம் வரை போனான். பிறகு தொண்ணூற்றேழு கிலோவும் தங்களை நினைவுபடுத்திக்கொண்டன.

மார்பளவு பனிநீர். ஸ்கீ இரண்டும் அடிச்சேற்றில் நன்றாகப் பதிந்துவிட்டன. நாலு சுற்று திருகிய பூட்டு அசையவில்லை. முன்னால் போகவும் முடியாது, பின்னால் போகவும் முடியாது, விழக்கூட முடியாது. கரையில் ஒரே கைதட்டல். வால்புர்கா கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள்.

"போட்டி நாளைக்குய்யா! நாளைக்கு!"

"என்னை வெளிய எடுங்க!"

"அஞ்சுக்கு நாலு மார்க்கு! முகபாவத்துக்கு!" என்றார் யாரோ.

அப்போது சிவப்புச் சட்டைக்காரன் குளக்கரைக்கு வந்து நின்றான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரியவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு குச்சியைத் தூக்கி, தன் முட்டியில் இரண்டு முறை தட்டிக் காட்டிவிட்டு, கூடாரத்தை நோக்கிப் போய்விட்டான்.

பதினோரு முறை முதலில் வந்தவனுக்கு, மார்பளவு தண்ணீரில், முட்டியை மடக்கு என்று பாடம்! வெண்டலின் பல்லைக் கடித்தான். குளிரில் பல் தானாகவே அடித்துக்கொண்டதால் அதுவும் சரியாக வரவில்லை.

கால்மணி நேரம் ஆனது. கடைசியில் மத்தில்டாதான் மார்புவரை ஏறும் ரப்பர் காலுறையோடு குளத்தில் இறங்கி, தண்ணீருக்குள் கையை விட்டு, திருப்புளியால் பூட்டைக் கழற்றினாள்.

"யார் இதைத் திருகினது?"

வெண்டலின் நாணயம் இருந்த சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டான்.

"எவ்வளவு கிலோன்னு இப்பவாவது சொல்லுங்க."

"தொண்ணூத்தேழு."

"ஈரத்தோடயா?"

கூடாரத்தில் நாலாம் நம்பர் சிவப்பு ஸ்கீ துடைத்துச் சுத்தமாகத் திரும்பி வந்திருந்தது. வெண்டலின் நனைந்த உடையோடு விடுதி வாசலுக்கு ஓடினான். இந்தக் கோடியில் நீலம் இல்லை. அந்தக் கோடியிலும் இல்லை. நடுவில் அவனுடைய பச்சை இரண்டும் மட்டும் நின்றன. கலந்து வைக்க யாரும் இல்லாததால் காலையில் அவற்றை ஜோடியாகவே விட்டுவிட்டுப் போயிருந்தான். திருடன்கூடத் தொடவில்லை.

அந்தப் பச்சை ஜோடியைப் பார்த்ததும் வெண்டலினுக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. மிஞ்சியது பயம். அவள் போய்விட்டாள் என்ற பயம். இனி ஞாயிற்றுக்கிழமை யாருக்கு விளிம்பு தீட்டுவது, யாருக்குக் கிழங்கு மசிப்பது என்று தெரியாத பயம். பேருந்தில் தினம் முந்நூறு பேரை ஏற்றி இறக்குகிறவனுக்கு, வீட்டில் ஒருத்தி எப்போது இறங்கினாள் என்பது தெரியாமல் போய்விட்டது. கண் கலங்கியது. நல்லவேளையாக எல்லாமே ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கூடாரத்துக்குத் திரும்பி வந்து மத்தில்டாவின் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தான். காலுக்கடியில் சின்னதாக இன்னொரு குளம் உருவானது.

"நாலாம் நம்பர் எடுத்தது யாரு?"

"பேர் சொல்ல எனக்கு அனுமதி இல்ல ஐயா. விதி."

"என் பொண்டாட்டிய ஒருத்தன் கூட்டிட்டுப் போயிட்டாம்மா. அவன் யாருன்னுகூட எனக்குத் தெரியாது. அவன் என்னைவிட நல்லாச் சறுக்குறான், அது பரவாயில்ல. நல்லாத் தீட்டுறான், அதுவும் போகட்டும். அவ அங்க சிரிக்கிறாளாம். வால்புர்கா சொல்றா. எங்கிட்ட அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சுன்னு எனக்கு ஞாபகமே வரல." அவன் நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தான். "அடிக்க மாட்டேன். திட்டக்கூட மாட்டேன். அந்த ஆள்கிட்ட அப்படி என்ன இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

மத்தில்டா தோலுரிந்த மூக்கைச் சொறிந்துகொண்டாள். பிறகு எழுந்துபோய் ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள்.

"பேரைத்தான் சொல்லக்கூடாது. கடைசிக் கேள்விக்கு எழுதின வரியை நான் எப்படியும் பலகையில ஒட்டத்தான் போறேன். அதைப் படிச்சா தப்பில்ல." பெட்டியைத் திறந்து மேலே இருந்த படிவத்தை எடுத்தாள். "எடை ஒழுங்கா எழுதியிருக்காங்க, உங்களை மாதிரி இல்ல. திறமை, 'பழகுறவர்'னு போட்டிருக்காங்க. அது மட்டும் பொய்யி, இந்தக் குளிர்காலம் முழுக்கப் புதன்கிழமை தவறாம வந்து பழகினவங்க, தன் ஸ்கீயைத் தானே தீட்டுறவங்க. மிகவும் பிடித்தது எதுன்னு கேட்டதுக்கு..."

"படிங்க" என்றான் வெண்டலின், போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

மத்தில்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படிவத்தைத் தள்ளிப் பிடித்து, நிறுத்தி நிதானமாகப் படித்தாள்:

"'முட்டியை மடக்கு, முட்டியை மடக்கு என்று இருபத்துமூன்று வருடமாகப் பின்னாலிருந்து கத்துகிற என் வீட்டுக்காரரால் இன்று என்னைப் பிடிக்கவே முடியவில்லை.'"